காக்காவுக்கு ஒன்பது துண்டு

கறுப்பு மிட்டாயை வாயில் போட்ட டிக்சன் மூன்று விநாடி அசையாமல் நின்றான். பிறகு கண்களை இறுக்க மூடிக்கொண்டான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் ரிஃப்கா. அவள் கையில் பேனா தயாராக இருந்தது.

"உப்பளத்துல விழுந்த டயர் மாதிரி இருக்கு."

"டயர நீ எப்ப தின்ன?"

"இப்பத்தான்."

ரிஃப்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சோதனை நடக்கும்போது சிரிக்கக் கூடாது என்பது அவளே போட்ட விதி. உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டில் எழுதினாள்: 'நெதர்லாந்து. உப்பு மிட்டாய். டிக்சன், பத்துக்கு ஒன்று.'

"ஒண்ணு எதுக்கு? முட்ட போடு."

"கவரப் பாரு. ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு இருக்கு. பிடிச்சு இழுத்தா நேர்கோடு போட்ட மாதிரி கிழியுது. அத யோசிச்சவருக்கு ஒரு மார்க்."

டிக்சன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். காலையில் கோவில்பட்டி கடலைமிட்டாய் கவரை அவன் பல்லால் கடித்துத்தான் பிரித்தான். மிட்டாய்க்கு எட்டு மார்க். பல் இன்னும் வலித்தது.

தூத்துக்குடியில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருவருக்கும் வீடு. மூன்றாம் மாடியில் ரிஃப்கா, இரண்டாம் மாடியில் டிக்சன். இருவரும் ஆறாம் வகுப்பு. காலாண்டு விடுமுறை தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சோதனைதான் அவர்களுக்கு வேலை.

இதைத் தொடங்கி வைத்தவர் ஹுதைஃபா காக்கா.

ரிஃப்காவின் குடும்பத்துக்குக் காயல்பட்டினம் சொந்த ஊர். அங்கே அம்மாவை 'உம்மா', சித்தியைச் 'சாச்சி', அண்ணனைக் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஹுதைஃபா காக்காவுக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. கப்பல் ஏறி எட்டு மாதம் ஆகிவிட்டது. போன துறைமுகங்களில் எல்லாம் தங்கைக்காக ஒரு தின்பண்டப் பாக்கெட் வாங்கினார். பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்து, தங்கள் வீட்டுக்கு ஆகாதது எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வாங்குவார். ஐந்து நாடு, ஐந்து பாக்கெட். அதே கப்பலில் வேலை பார்த்த பெரியதாழை ஊர்க்காரர் ஜாக்சன் அண்ணன் முன்னால் ஊருக்கு வந்தபோது அவர் கையில் கொடுத்தனுப்பினார்.

கூடவே உம்மாவின் போனுக்கு ஒரு குரல் பதிவும் வந்தது.

"ரிஃப்கா, நான் ஒண்ணக்கூடப் பிரிக்கல. எட்டு மாசமா பெட்டியத் தெறக்குறப்பல்லாம் அதுக என்னையே பாத்துச்சு. இருந்தாலும் பிரிக்கல. நீங்க ருசி பாருங்க. ஒவ்வொண்ணுலயும் எனக்கு ஒரே ஒரு துண்டு எடுத்து வை. வெள்ளிக்கிழம வந்து உங்கூட உக்காந்து நானும் மார்க் போடுதேன். அது உங்கிட்ட இருக்குற அமானிதம்."

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். கேட்கும்போது அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். ரிஃப்கா அந்தப் பதிவை மூன்று தடவை கேட்டாள்.

வெளிநாடு மட்டும் போதாது, நம் ஊரும் போட்டியில் இருக்க வேண்டும் என்று டிக்சன் சண்டை போட்டான். அது நியாயம்தான். சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலைமிட்டாய், உடன்குடி சுக்குக் கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன் என்று நான்கு பாக்கெட் சேர்ந்தன. மொத்தம் ஒன்பது.

சோதனைக்கு விதிகள் இருந்தன. ஒரு துண்டு தின்றதும் வாய் கொப்பளிக்க வேண்டும். அடுத்ததற்கு முன் நாலு பொரி மெல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு முதல் கடியின் சத்தத்தைக் கேட்க வேண்டும். ஒருவர் மார்க் சொல்லும்போது அடுத்தவர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது.

ஓமன் மிளகாய் சிப்ஸ் டிக்சனை மூன்று டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தது. "இன்னொரு சிப்ஸு தா" என்று நான்காவது டம்ளருக்கு முன்னால் கேட்டான். தாய்லாந்து துரியன் பழச் சிப்ஸைப் பிரித்ததும் சமையலறையிலிருந்து உம்மா ஜெய்னம்பு, "அடுப்பு அணைஞ்சிருச்சா? கேஸ் வாட வருதே!" என்று ஓடி வந்தார். நாற்றத்தைத் தாண்டி வாய்க்குள் போனால் அது பால்கோவா மாதிரி இனித்தது. துருக்கியிலிருந்து வந்த குச்சி பிஸ்கட்டில் எள் ஒன்றுகூடக் கொட்டாமல் ஒட்டியிருந்தது. "பசை போட்டாங்களோ?" என்று டிக்சன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஜப்பான் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. ரிஃப்கா போனை அதன்மேல் பிடித்தாள். போன் யோசித்து மொழிபெயர்த்தது: 'அரிசி கடலின் சட்டை அணிந்துள்ளது.'

உள்ளே பார்த்தால் உண்மைதான். விரல் நீள அரிசிப் பிஸ்கட் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கடற்பாசித் தாள் சுற்றியிருந்தது. கடித்தால் 'டப்' என்று ஒரே சத்தம். பிறகு உப்பு, பிறகு வறுத்த அரிசி, கடைசியில் லேசாகக் கடல்.

"நம்ம பீச்சுல நின்னுக்கிட்டுப் பொரி திங்குத மாதிரி இருக்குளா" என்றான் டிக்சன் மெதுவாக. அவன் கேலி செய்யாமல் சொன்ன ஒரே கருத்து அதுதான்.

கடைசியில் ஜப்பான் அரிசிப் பிஸ்கட்டும் தூத்துக்குடி மக்ரூனும் சமமாக நின்றன. இரண்டுக்கும் இருபதுக்குப் பதினேழு. முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்ந்து நாக்கில் கரையும் மக்ரூனுக்கு டிக்சன் ஒன்பது, ரிஃப்கா எட்டு. ஜப்பானுக்கு ரிஃப்கா ஒன்பது, டிக்சன் எட்டு.

"காக்கா போடுற மார்க்தான் முடிவு" என்றாள் ரிஃப்கா.

ஒன்பது துண்டுகளையும் ஒன்பது சின்ன ஜிப் கவர்களில் போட்டாள். தூத்துக்குடிக் கடல் காற்று ஒரு சிப்ஸை அரை மணி நேரத்தில் நமுத்துப்போக வைத்துவிடும். கவர்களை ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, மூடிமேல் காகிதம் ஒட்டினாள். 'காக்காவுக்கு. வேறு யாரும் தொடக் கூடாது.'

வியாழக்கிழமை உம்மாவுடன் காயல்பட்டினம் போக வேண்டியிருந்தது. அங்கே சாச்சி வீட்டில் விசேஷம். திரும்பும்போது சாச்சியின் நான்கு பிள்ளைகளும் கூடவே வருவார்கள். அவர்கள் இருக்கும் வீட்டில் தின்பண்டம் தங்காது. அதனால் ரிஃப்கா டப்பாவை டிக்சன் வீட்டில் வைத்தாள்.

அங்கேதான் ஷெர்லி இருந்தாள்.

ஷெர்லி டிக்சனுடைய சித்தப்பா மகள். வயது ஒன்பது. லீவுக்கு இதே மாவட்டத்திலுள்ள நாசரேத்திலிருந்து புதன்கிழமை மாலைதான் வந்திருந்தாள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பாள். துறைமுகத்தில் எத்தனை கிரேன் தெரிகிறது, அதில் எத்தனை அசைகிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

வியாழன் சாயங்காலம் ரிஃப்கா படிகளில் இறங்கி வந்தபோது, ஷெர்லி வாசலிலேயே காத்திருந்தாள். முகமெல்லாம் பெருமை.

"அக்கா, நீங்க இல்லன்னு நானே காக்காவுக்குக் குடுத்துட்டேன்!"

"காக்கா வந்துட்டாங்களா?" ரிஃப்கா துள்ளினாள். "நாளைக்குத்தான வரணும்?"

"ரெண்டு வந்துச்சு. அப்புறம் கூட்டமா வந்துச்சு."

ரிஃப்காவின் கால் அடுத்த படியில் இறங்காமல் நின்றது. "எந்தக் காக்காவுக்குக் குடுத்த?"

"கறுப்புக் காக்காவுக்குத்தான். வேற எந்தக் கலர்ல இருக்கு?"

உள்ளேயிருந்து டிக்சன் ஓடி வந்தான். அப்பாவுடன் பைக்கில் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தான். ஃப்ரிட்ஜின்மேல் இருந்த டப்பாவை எடுத்துத் திறந்தான். ஒன்பது ஜிப் கவர்களும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் எதுவும் இல்லை.

"ஏளா! கூறுகெட்டவளே! காக்கான்னா அவ அண்ணன்! ஹுதைஃபா அண்ணன்! எட்டு மாசமா கப்பல்ல இருக்காரு! அவருக்கு வச்சதப் போயி காக்காவுக்குப் போட்டியே!"

ஷெர்லிக்கு முதலில் புரியவில்லை. காகிதத்தைப் பார்த்தாள். ரிஃப்காவைப் பார்த்தாள். புரிந்ததும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"காக்காவுக்குன்னு எழுதியிருந்துச்சே" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். "நான் ஊருக்குப் போறேன். அந்த அண்ணன் வாரதுக்கு முன்னாடி போறேன். பெரியம்மா, என்ன பஸ் ஏத்தி விடுங்க!"

டிக்சனின் அம்மா அற்புதமணி சமையலறையிலிருந்து வந்து அவளை அணைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கும் தெரியவில்லை.

ரிஃப்கா காலி ஜிப் கவர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். உள்ளூர்ப் பண்டம் நான்கையும் மறுபடி வாங்கலாம். அந்த ஐந்தை எங்கே போய் வாங்குவது? காக்காவுக்கு என்ன பதில் சொல்வது? ஷெர்லியை நன்றாகத் திட்ட வேண்டும் போலிருந்தது. மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். அது அவளுடைய கையெழுத்துதான். நாசரேத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை அதை வேறு எப்படிப் படிக்கும்?

"நான் எழுதுனதுல தப்பில்ல" என்றாள் யோசித்தபடி. "நீ படிச்சதுலயும் தப்பில்ல."

"அப்ப யாரு தப்பு?" என்றான் டிக்சன்.

"நீ வாய மூடு." ரிஃப்கா ஷெர்லி பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவதற்கென்று சேர்ந்திருந்த சொற்கள் எங்கோ போய், வேறொரு கேள்விதான் வந்தது. "மொதல்ல எத எடுத்துச்சு?"

ஷெர்லி மூக்கை உறிஞ்சினாள். "என்னது?"

"காக்கா. ஒன்பதுல மொதல்ல எத எடுத்துச்சு?"

"காராச்சேவு" என்றாள் ஷெர்லி தயங்காமல். "மொட்டமாடிச் சுவருல வரிசையா வச்சேன். மொதல்ல காராச்சேவு. அப்புறம் செவப்பு சிப்ஸு. கடலமிட்டாயில கடலைய மட்டும் கொத்தித் தின்னுட்டு வெல்லத்த விட்டுருச்சு. அந்தக் குச்சிய ரெண்டா ஒடைச்சுப் பாத்துச்சு. நாத்தம் புடிச்ச சிப்ஸுக்குச் சண்ட. கருப்பட்டியக் கடிக்க முடியல, பூந்தொட்டி அடியில ஒளிச்சு வச்சிருக்கு. மக்ரூன ஒரு பெரிய காக்கா யாருக்கும் குடுக்காம முழுசாத் தூக்கிட்டுத் தண்ணித் தொட்டி மேல போயிருச்சு."

"அந்தக் கறுப்பு மிட்டாய்?" என்றான் டிக்சன், வாயை மூடச் சொன்னதை மறந்து.

"ஒரு கொத்து கொத்துச்சு. தலைய இப்படி இப்படி ஆட்டுச்சு. மூக்கச் சுவருல தேய்ச்சுத் தொடைச்சுட்டு, மிட்டாயக் கீழ தள்ளிவிட்டுச்சு."

"பாத்தியா! நான் சொன்னேம்லா!"

"ஜப்பான் பிஸ்கட்ட, அந்தப் பாசித் தாள் சுத்துனத, என்ன செஞ்சுச்சு?" ரிஃப்காவின் குரல் தாழ்ந்திருந்தது.

"அதான் அதிசயம். துணி அலசுத வாளிக்குக் கொண்டுபோயி, தண்ணில முக்கிச்சு. வெளிய எடுத்து வச்சுச்சு. மறுபடி முக்கிச்சு. மெதுவானதும் தின்னுச்சு. கூட இருந்த காக்காவுக்கும் பாதி குடுத்துச்சு."

ரிஃப்காவும் டிக்சனும் நான்கு நாளாகப் பேனாவும் நோட்டுமாகச் சோதனை செய்தார்கள். ஆனால் இவ்வளவு கவனமாக எதையும் பார்க்கவில்லை.

ரிஃப்கா மேலே ஓடிப்போய் நோட்டைக் கொண்டு வந்தாள். ஸ்கேல் வைத்து, 'காக்கா' என்று தலைப்புப் போட்டு இன்னொரு கட்டம் போட்டாள். "நீ ஊருக்குப் போனா இத யாரு எழுதுவா? பாத்தது நீதான. எழுது."

ஷெர்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

அவள் எழுதும்போதே ரிஃப்கா நோட்டுக்குள் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த காலி கவர்களை எடுத்தாள். நோட்டில் ஒட்டுவதற்காக அவற்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். ஒன்றைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினாள். உள்ளே ஏதோ சரசரத்தது.

"டிக்சன், ஸ்பூன் எடு!"

கவரின் மூலைகளைத் தட்டித் தட்டி எடுத்ததில் ஓமன் சிப்ஸ் கால் ஸ்பூன் தேறியது. துரியனில் ஒரு சிட்டிகை. துருக்கியில் எள்ளும் தூளும். ஜப்பானில் அரை ஸ்பூன், பாசித் துணுக்கோடு. உப்பு மிட்டாயில் மட்டும் ஒன்றுமில்லை.

"அது உங்க அண்ணனுக்கு நல்ல நேரம்" என்றான் டிக்சன்.

தூள் எல்லாம் நமுத்திருந்தது. அற்புதமணி அத்தை வெறும் வாணலியைச் சிறு தீயில் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சூடு காட்டித் தந்தார். மறுபடி மொறுமொறுப்பு வந்தது. ஆறவைத்துக் கவரில் போட்டு மூடினார்கள். டப்பாவின்மேல் ரிஃப்கா புதிய காகிதம் ஒட்டினாள். 'ஹுதைஃபாவுக்கு. இவர் பறக்க மாட்டார்.'

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஹுதைஃபா காக்கா வந்து சேர்ந்தார். இளைத்திருந்தார், கறுத்திருந்தார். உம்மா அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். சாச்சி பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். சாப்பாடு முடிந்து, டிக்சனும் ஷெர்லியும் மேலே வந்ததும் காக்கா சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"சரி ரிஃப்கா. என் அமானிதம் எங்க?"

டிக்சன் கூரையைப் பார்த்தான். ஷெர்லி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளுடைய பச்சைப் பாவாடை ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது.

"காக்கா, அத என்னால காப்பாத்த முடியல" என்றாள் ரிஃப்கா. "டப்பா மேல 'காக்காவுக்கு'ன்னு எழுதி வச்சேன். அது காக்காவுக்கே போயிருச்சு."

"எனக்கு வரலியே?"

"உங்களுக்கு இல்ல. மொட்டமாடிக்கு."

எல்லாவற்றையும் சொன்னாள். ஷெர்லி என்ற பெயரைச் சொல்லும்போது, 'எழுதியிருந்தபடியே செஞ்சா' என்றும் சேர்த்துக்கொண்டாள். காக்காவின் முகம் ஒரு நொடி வாடியதை அவள் பார்த்தாள். எட்டு மாதம் பிரிக்காமல் வைத்திருந்தவராயிற்றே.

பிறகு அவர் நோட்டைக் கையில் வாங்கி, புதிய கட்டத்தை மேலிருந்து கீழே படித்தார். உப்பு மிட்டாய் இடம் வந்ததும் தோள் குலுங்கியது. மக்ரூனில் சத்தமாகச் சிரித்தார். ஜப்பானுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

"இத எழுதுன ஆள் எங்க?"

பாவாடை ஓரம் உள்ளே இழுபட்டது.

"வாம்மா இங்க. தண்ணில முக்குனத நீ உன் கண்ணால பாத்தியா?"

ஷெர்லி கதவு இடுக்கில் தலையை மட்டும் நீட்டினாள். "ரெண்டு தடவ முக்கிச்சு."

"ஜப்பான் துறைமுகத்துல எங்க கப்பலுக்கு வழி காட்ட ஒருத்தர் ஏறுனாரு. சுடுதண்ணி கேட்டாரு. இதே பிஸ்கட்ட ஒடைச்சுக் கோப்பையில போட்டு ஊத்துனாரு. ஐயோ, மொறுமொறுன்னு இருக்குறத இப்படிக் கெடுக்காரேன்னு நெனச்சேன். அவங்க அப்படியும் சாப்பிடுவாங்களாம். நம்ம ஊரு காக்காவுக்கு அது யாரு சொல்லிக் குடுத்தா?"

ஷெர்லி முழுசாக வெளியே வந்துவிட்டாள். "யாரும் சொல்லல. அதுவா யோசிச்சுச்சு."

"உம்மா, கொஞ்சம் சுடுதண்ணி!"

முதலில் காக்கா மற்ற மூன்று நாட்டுத் தூளையும் முறைப்படி, பொரி மென்று, வாய் கொப்பளித்து ருசி பார்த்து மார்க் போட்டார். ரிஃப்கா புதிதாக வாங்கி வைத்திருந்த மக்ரூனுக்கு எட்டு கொடுத்தார். பிறகு ஜப்பான் தூளைச் சின்னக் கோப்பையில் கொட்டி, சுடுதண்ணீரை ஊற்றினார்.

பாசித் துணுக்கு சுருள் பிரிந்து பச்சையாக விரிந்தது. வறுத்த அரிசி வாசம் எழுந்தது. அதன் பின்னாலேயே கடல் வாசமும் வந்தது. சாச்சி பிள்ளைகள்கூடப் பெட்டியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆளுக்கு ஒரு ஸ்பூன்தான் இருந்தது. காக்கா, ரிஃப்கா, டிக்சன், ஷெர்லி நால்வரும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள்.

"ஏயப்பா" என்றான் டிக்சன். மக்ரூன் கட்சிக்காரனான அவன் காலி ஸ்பூனை இன்னொரு தடவை நக்கினான்.

"என்ன மார்க் போடலாம்?" காக்கா ஷெர்லியைத்தான் கேட்டார்.

"எனக்குப் போடத் தெரியாது. நான் பாத்தத மட்டுந்தான் எழுதுவேன்."

"அப்ப என் முகத்தப் பாரு. பாத்து எழுது."

ஷெர்லி அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். நேற்று மொட்டைமாடிச் சுவரைப் பார்த்தது போலவே பார்த்தாள். அவர் கண் இன்னும் பாதி மூடியிருந்தது. காலியான ஸ்பூன் இன்னும் வாயிலேயே இருந்தது.

அவள் நோட்டை மடியில் வைத்து, ஜப்பான் வரிசையில் 'காக்கா' என்ற கட்டத்தைக் கண்டுபிடித்து, இரண்டு காக்காவுக்கும் சேர்த்துப் பத்துக்குப் பத்து என்று எழுதினாள்.